தைராய்டு, விட்டமின் பிளட் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கிறது? நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது

ராத்திரி பதினோரு மணிக்கு மெயில்ல ரிப்போர்ட் வந்துச்சு. தூங்கியிருக்கணும், திறந்துட்டேன். டிஎஸ்ஹெச் (தைராய்டை வேலை வாங்கற ஹார்மோன்) பக்கத்துல சிவப்புல ஒரு "எல்", அதாவது குறைவு. ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கற ஹார்மோன்) பக்கத்துல சிவப்புல ஒரு "ஹெச்", அதாவது அதிகம், விட்டமின் டி பக்கத்துல இன்னொரு "எல்". விடியற வரைக்கும் போன்ல தேடித் தேடி எனக்கு தைராய்டு ஓவரா வேலை செய்யுதுனு நானே முடிவு பண்ணிட்டேன். அடுத்த மூணு வாரம் ஒரு ஸ்கேன், ரெண்டு டாக்டர், லீவு, காசு எல்லாம் போச்சு. ரெண்டாவது டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "முடி கொட்டுதுனு ஏதாவது மாத்திரை போடுறீங்களா?" போட்டுக்கிட்டு இருந்தேன். அதை நிறுத்திட்டு நாலு நாள் கழிச்சு மறுபடி எடுத்தா தைராய்டு எல்லாமே நார்மல். என் கழுத்துல ஒண்ணுமே இல்ல, மாத்திரைதான் மெஷினை ஏமாத்தியிருக்கு.

நான் டாக்டர் கிடையாது. மருந்து எழுதிக் குடுக்கறதுக்காக இதை எழுதல. ரிப்போர்ட் கையில வந்ததும் எதை முதல்ல பாக்கணும், எதுக்கு பதறணும், எதுக்கு பதறக்கூடாதுன்றதை முதல்முறை டெஸ்ட் எடுக்கறவங்களுக்காக வரிசையா சொல்றேன்.

1. பிளட் குடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி: மாத்திரை லிஸ்ட் போடுங்க

பேப்பர் எடுத்து நீங்க வாயில போடுற எல்லாத்தையும் எழுதுங்க. டாக்டர் குடுத்தது, கடையில நீங்களா வாங்கினது, பவுடர், ஜெல்லி மிட்டாய் மாதிரி வர்ற விட்டமின், எல்லாமே. நாம "மருந்து"னு கணக்குல எடுத்துக்காததுதான் இங்க வில்லன்.

முதல் வில்லன் பயோட்டின். முடி, நகம், தோல்னு பேர் போட்டு வர்ற மாத்திரை நிறையதுல இது இருக்கும். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேணுங்கிறது சுமார் 30 மைக்ரோகிராம், அந்த மாத்திரைகள்ல 5,000, 10,000 மைக்ரோகிராம் வரைக்கும் போட்டிருப்பாங்க. நிறைய லேப் மெஷின்கள் பயோட்டினையே ஒரு பசை மாதிரி வச்சுதான் ஹார்மோனை அளக்குது. ரத்தத்துலயே பயோட்டின் நிறைய இருந்தா அந்தக் கணக்கு குழம்பிடும், டிஎஸ்ஹெச் பொய்யா குறைவாவும் ஃப்ரீ டி4 பொய்யா அதிகமாவும் வரும். அச்சு அசல் தைராய்டு ஓவரா சுரக்கற நோய் மாதிரியே இருக்கும். சில மெஷின்ல விட்டமின் டி, பி12 கூட இதே காரணத்தால பொய்யா ஏறும். இது தைராய்டோட நிக்கிற விஷயமும் இல்ல, மாரடைப்பு இருக்கானு பாக்கற ட்ரோபோனின் டெஸ்டைக் கூட இது தப்பா குறைச்சுக் காட்டலாம்னு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-லயே எச்சரிக்கை விட்டிருக்கு. குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடி நிறுத்தணும். ரொம்ப பெரிய டோஸ் போடுறவங்க இன்னும் சில நாள் முன்னாடியே நிறுத்தணும், எவ்வளவு நாள்னு லேப்லயோ டாக்டர்கிட்டயோ கேட்டுக்கோங்க.

ரெண்டாவது, ஏற்கனவே தைராய்டு மாத்திரை (லெவோதைராக்ஸின்) போடுறவங்களுக்கு. டெஸ்ட் அன்னிக்கு காலைல பிளட் குடுத்துட்டு அப்புறம் மாத்திரை போடுங்க. போட்டுட்டுப் போனா அடுத்த சில மணி நேரம் ஃப்ரீ டி4 நிஜத்தைவிட கொஞ்சம் தூக்கிக் காட்டும், அதைப் பாத்து யாராவது டோஸைக் குறைச்சா தேவையில்லாத தலைவலி. ஒரு நாள் மாத்திரையை கொஞ்ச நேரம் தள்ளிப் போடறதால ஒண்ணும் ஆகாது. ஆனா அதுக்கு முந்தின வாரம் மாத்திரையை விட்டு விட்டு போட்டிருந்தீங்கன்னா அதை மறைக்காம சொல்லுங்க, ரிப்போர்ட்ல அது எப்படியும் தெரிஞ்சிடும்.

ஸ்டீராய்டு, இதயத் துடிப்புக்குப் போடுற அமியோடரோன், மனநலத்துக்குப் போடுற லித்தியம், இதெல்லாம் தைராய்டு ரிசல்ட்டை மாத்தும். அதுக்காக இதையெல்லாம் நீங்களா நிறுத்திடாதீங்க, போடுறோம்னு சொன்னா போதும். கருத்தடை மாத்திரையும் சொல்லணும், அது டோட்டல் டி4-ஐ (ரத்தத்துல இருக்கற மொத்த டி4) ஏத்திவிடும், ஃப்ரீ டி4 பெருசா மாறாது.

2. எப்போ போகணும்

காலைல போங்க, எப்போ எடுத்தாலும் அதே நேரத்துக்கே போங்க. டிஎஸ்ஹெச் நடுராத்திரி, விடிகாலைல உச்சத்துல இருக்கும், மதியம் சாயங்காலம் இறங்கிடும். போன தடவை காலை ஏழு மணி, இந்தத் தடவை மதியம் மூணு மணின்னா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "குறைஞ்சிருச்சு"னு சந்தோஷப்படறதுல அர்த்தமே இல்ல.

காய்ச்சல், இன்ஃபெக்ஷன், ஆபரேஷன் முடிஞ்ச சமயம், இதுல எடுக்காதீங்க. உடம்பு நோயோட போராடும்போது தைராய்டு நம்பர் தானாவே கீழ மேல போகும், தேறினப்புறம் சரியாயிடும். டாக்டரே அவசரம்னு சொன்னா அது வேற.

பட்டினி? டிஎஸ்ஹெச்சுக்கும் விட்டமின் டி-க்கும் கட்டாயம் இல்ல. ஆனா கூடவே சர்க்கரை, கொழுப்பு, அயர்ன் எல்லாம் சேத்து எடுக்கறீங்கன்னா அதுக்காக கேப்பாங்க, அதனால முதல் நாளே லேப்ல கேட்டுக்கோங்க. தண்ணி குடிக்கலாம்.

3. எந்த டெஸ்டுக்கு காசு குடுக்கலாம், எதுக்கு வேணாம்

இங்கதான் பர்ஸ் காலியாகும். "ஃபுல் தைராய்டு பேக்கேஜ்", "எல்லா விட்டமினும்"னு பெரிய லிஸ்ட் காட்டி தனியா எடுக்கறதைவிட இதுதான் லாபம்னு சொல்லுவாங்க. லாபம்தான், அவங்களுக்கு. அதோட தேவையில்லாத டெஸ்ட்ல வர்ற தேவையில்லாத சிவப்பு எழுத்துக்கு அடுத்த செலவும் நீங்கதான் பண்ணணும்.

தைராய்டு சந்தேகம்னா முதல்ல டிஎஸ்ஹெச் போதும். அது சரியில்லன்னா அதே ரத்தத்துலயே ஃப்ரீ டி4 போட்டுத் தர்ற வசதி நிறைய லேப்ல இருக்கு, "டிஎஸ்ஹெச் வித் ரிஃப்ளெக்ஸ்"னு கேட்டுப் பாருங்க. ரெண்டாவது தடவை ஊசி குத்தவேண்டாம், போக வர அலையவும் வேண்டாம். டி3 (தைராய்டோட இன்னொரு ஹார்மோன்) பெரும்பாலும் தைராய்டு ஓவரா சுரக்குதான்னு பாக்கறதுக்குத்தான், குறைவா சுரக்கறவங்களுக்கு அதுல தெரிய வர்றது ரொம்பக் கம்மி, ஏன்னா உடம்பு கடைசி வரைக்கும் டி3-ஐ இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கும். ரிவர்ஸ் டி3-னு ஒண்ணு விப்பாங்க, சாதாரணமா யாருக்கும் அது தேவையில்ல.

விட்டமின்ல டி, பி12 ரெண்டும் காரணம் இருந்தா எடுங்க. ஏ, ஈ, கே, பி6னு வரிசையா எடுக்கறதுக்கு தனியா ஒரு காரணத்தை டாக்டர் சொன்னா ஒழிய வேண்டாம்.

விட்டமின் டி-யில ஒரு பெரிய ஓட்டை இருக்கு, பேரைக் கவனிங்க. நமக்கு வேணுங்கிறது "25 ஹைட்ராக்ஸி விட்டமின் டி". "1,25 டைஹைட்ராக்ஸி"னு கிட்டத்தட்ட அதே பேர்ல இன்னொண்ணு இருக்கு, விலையும் பொதுவா கூட. அது கிட்னி மாதிரி குறிப்பிட்ட பிரச்சனைக்கு பாக்கறது, உடம்புல டி குறைவா இருந்தாலும் அது நார்மலாவோ அதிகமாவோகூட வரலாம். பில்லு போடறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியைப் படிச்சுட்டு கையெழுத்து போடுங்க.

4. ரிப்போர்ட் வந்ததும் நம்பரைப் பாக்காதீங்க, தலைப்பைப் பாருங்க

பேர், வயசு, ஆணா பெண்ணா, இது மூணும் உங்களுதுதானானு முதல்ல. சிரிக்காதீங்க, ஒரே பேர்ல ரெண்டு பேர் ஒரே நாள் வர்றது சகஜம்.

அடுத்தது பிளட் எடுத்த நேரம். ரிப்போர்ட் அடிச்ச நேரம் வேற, பிளட் எடுத்த நேரம் வேற, ரெண்டும் மேல மூலைல பொடி எழுத்துல இருக்கும்.

அப்புறம் யூனிட். இதுல நான் ரெண்டாவது தடவை ஏமாந்தேன். முதல் லேப்ல விட்டமின் டி 18னு வந்துச்சு. அஞ்சு மாசம் கழிச்சு வேற லேப், 46னு வந்துச்சு. மாத்திரை சூப்பரா வேலை செய்யுதுனு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி, மாத்திரையையும் நிறுத்திட்டேன். அப்புறம்தான் பாத்தேன், முதல் லேப் என்ஜி பெர் எம்எல்ல குடுத்திருந்தான், ரெண்டாவது லேப் என்மோல் பெர் லிட்டர்ல. 18-ஐ ரெண்டரையால பெருக்கினா 45. அதாவது அஞ்சு மாசத்துல நான் நகரவே இல்ல.

கைவசம் வச்சுக்க வேண்டிய கணக்கு இவ்வளவுதான். விட்டமின் டி: என்ஜி பெர் எம்எல்ல இருக்கறதை 2.5-ஆல பெருக்கினா என்மோல் பெர் லிட்டர். பி12: பிஜி பெர் எம்எல்ல இருக்கறதை 0.74-ஆல பெருக்கினா பிமோல் பெர் லிட்டர். ஃப்ரீ டி4: என்ஜி பெர் டெசிலிட்டரை சுமார் 12.9-ஆல பெருக்கினா பிமோல் பெர் லிட்டர். டிஎஸ்ஹெச்சுக்கு மட்டும் கவலை இல்ல, மைக்ரோ ஐயூ பெர் எம்எல்னு போட்டாலும் மில்லி ஐயூ பெர் லிட்டர்னு போட்டாலும் ஒரே நம்பர்தான்.

புள்ளியையும் பாருங்க. 0.4 வேற, 0.04 வேற, போன் ஸ்கிரீன்ல அந்த சைபர் கண்ணுக்கே தெரியாது. நம்பருக்கு முன்னாடி "இதைவிடக் குறைவு"ன்ற அம்பு மாதிரி குறி இருந்தா மெஷினால அதுக்குக் கீழ அளக்க முடியலனு அர்த்தம்.

5. அந்த ஹெச், எல் எழுத்து என்னதான் சொல்லுது

நம்பருக்குப் பக்கத்துல ஒரு ரேஞ்ச் போட்டிருக்கும்ல, அது எப்படி வந்துச்சு தெரியுமா? ஆரோக்கியமா இருக்கறவங்க நிறைய பேரை அளந்து, நடுவுல இருக்கற 95 சதவீதம் பேரை எடுத்துக்கிட்டு ரெண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டுருவாங்க. அதாவது ஒரு குறையும் இல்லாத 20 பேர்ல ஒருத்தருக்கு சிவப்பு எழுத்து வந்தே தீரும், கணக்கே அப்படித்தான் போட்டிருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் இருக்கற பேக்கேஜ் எடுத்தீங்கன்னா, நல்லா இருக்கற ஆளுக்கே ஒண்ணாவது சிவப்புல வர்றதுக்கு 64 சதவீதம் வாய்ப்பு. பேக்கேஜ் வேணாம்னு மேல சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரேஞ்சும் லேபுக்கு லேப் மாறும், மெஷின் வேற, முறை வேற. அதனால உங்க நம்பரை உங்க ரிப்போர்ட்ல இருக்கற ரேஞ்சோட மட்டும் ஒப்பிடுங்க, தோழி ரிப்போர்ட்டோட ஒப்பிடாதீங்க. விட்டமின் டி, பி12 ரெண்டும் வேற மாதிரி, அங்க "இதுக்குக் கீழ போனா பிரச்சனை"ன்ற கட்-ஆஃப்தான் முக்கியம்.

6. டிஎஸ்ஹெச்சையும் ஃப்ரீ டி4-ஐயும் ஜோடியா படிங்க

டிஎஸ்ஹெச்ன்றது தைராய்டு சுரக்கறது இல்ல. மூளைக்குக் கீழ இருக்கற பிட்யூட்டரி அனுப்பற அதட்டல். தைராய்டு சோம்பேறியா இருந்தா அதட்டல் சத்தம் ஏறும், தைராய்டு ஓவரா ஆடினா அதட்டல் அடங்கிடும். அதனாலதான் எல்லாருக்கும் தலைகீழா தோணுது: டிஎஸ்ஹெச் அதிகம்னா தைராய்டு குறைவு. இந்த ஒண்ணை மாத்திப் புரிஞ்சுக்கிட்டு நெட்ல தேடினவங்க எவ்வளவோ பேர்.

பெரியவங்களுக்கு டிஎஸ்ஹெச் பொதுவா 0.4-ல இருந்து 4 அல்லது 4.5 வரைக்கும், ஃப்ரீ டி4 சுமார் 0.8-ல இருந்து 1.8 என்ஜி பெர் டெசிலிட்டர். இனி ஜோடி.

டிஎஸ்ஹெச் ஏறி ஃப்ரீ டி4 இறங்கியிருந்தா தைராய்டு நிஜமாவே குறைவா சுரக்குது, மாத்திரை பேச்சு வரும். டிஎஸ்ஹெச் ஏறியிருக்கு, ஆனா ஃப்ரீ டி4 நார்மல்னா அதுக்கு சப்கிளினிக்கல்னு பேர், நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கறாங்க. 5, 6, 7னு வந்ததும் ஆயுசுக்கும் மாத்திரைனு பயந்துடுவாங்க. பொதுவா ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி ஒரு தடவை பாப்பாங்க, பல பேருக்கு அது தானாவே இறங்கிடும். 10-ஐ தாண்டி நின்னா பெரும்பாலும் மருந்து ஆரம்பிப்பாங்க, அதுக்குள்ளன்னா வயசு, அறிகுறி, ஆன்டிபாடி (7-வதுல சொல்றேன்), குழந்தைக்கு பிளான் பண்றீங்களானு எல்லாம் பாத்து முடிவு பண்ணுவாங்க. 80 வயசு தாண்டினவங்களுக்கு 6, 7 கூட நார்மலா இருக்கலாம், பாட்டி ரிப்போர்ட்டை இளவயசு ரேஞ்சோட வச்சுப் பாத்து அவங்களைப் பயமுறுத்தாதீங்க.

டிஎஸ்ஹெச் இறங்கி, ஃப்ரீ டி4 இல்லன்னா டி3 ஏறியிருந்தா ஓவரா சுரக்குது. பயோட்டின் இல்லனு உறுதி பண்ணிட்டு டாக்டர்கிட்ட சீக்கிரம் போங்க. டிஎஸ்ஹெச் மட்டும் இறங்கி மத்தது நார்மலா இருந்தாலும் வயசானவங்க அப்படியே விடக்கூடாது, தொடர்ந்து அப்படியே இருந்தா இதயத் துடிப்பு தாறுமாறாகறதும் எலும்பு தேயறதும் வரலாம்.

இன்னொரு ஜோடி இருக்கு, அபூர்வம், ஆனா தவற விடக்கூடாது. ஃப்ரீ டி4 குறைவு, டிஎஸ்ஹெச்சும் குறைவு, இல்ல சும்மா நார்மல். தைராய்டு தூங்குது, அதட்ட வேண்டியவரும் தூங்கறார். அப்போ பிட்யூட்டரியைப் பாக்கணும். டிஎஸ்ஹெச் மட்டும் எடுத்துட்டு "நார்மல்"னு அனுப்பிட்டா இது பிடிபடாது.

கர்ப்பமா இருக்கறவங்களுக்கு மேல சொன்ன ரேஞ்ச் எதுவும் ஒத்து வராது. முதல் மூணு மாசத்துல கர்ப்ப ஹார்மோன் டிஎஸ்ஹெச்சைத் தானாவே கீழ இறக்கிடும். லேப்ல சொல்லி கர்ப்ப காலத்துக்கான ரேஞ்ச் போடச் சொல்லுங்க, ஏற்கனவே மாத்திரை போடுறவங்க கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே டாக்டரைக் கூப்பிடுங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் தள்ளாதீங்க.

7. ஆன்டி டிபிஓ

உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குதானு காட்டற ஆன்டிபாடி டெஸ்ட். ஒரு தடவை எடுத்தா போதும். பாசிட்டிவ்னு வந்தும் தைராய்டு நல்லாவே ஓடிக்கிட்டு இருக்கறவங்க நிறைய பேர் உண்டு, அவங்க வருஷத்துக்கு ஒரு தடவை டிஎஸ்ஹெச் பாத்தா சரி. 300-ல இருந்து 250-க்கு வந்துச்சானு மாசாமாசம் காசு கட்டாதீங்க, அந்த நம்பரை வச்சு யாரும் டோஸ் மாத்தறது இல்ல.

8. விட்டமின் டி

எவ்வளவு இருந்தா போதும்ன்றதுல நிபுணர்களுக்குள்ளயே சண்டை. 2011-ல அமெரிக்காவோட இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 20 என்ஜி பெர் எம்எல் இருந்தா பெரும்பாலானவங்களுக்கு போதும்னு சொல்லுச்சு. அதே வருஷம் ஹார்மோன் நிபுணர்களோட சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 30 வேணும்னுச்சு. நிறைய லேப் அந்த 30-ஐ எடுத்து ஒட்டிக்கிட்டதால 20-க்கும் 30-க்கும் நடுவுல இருக்கற ஊர் உலகத்துக்கெல்லாம் "இன்சஃபிஷியன்ட்" (போதாது)னு சிவப்பு முத்திரை. 2024-ல அதே சொசைட்டி புது வழிகாட்டுதல்ல அந்த 30 கணக்கை இனிமே ஆதரிக்கலனு சொல்லிடுச்சு, நல்லா இருக்கற பெரியவங்களுக்கு இந்த டெஸ்டே வழக்கமா தேவையில்லனும் சொல்லுச்சு. லேப் ஷீட்ல எல்லாம் இன்னும் மாத்தினபாடில்ல.

அதனால 24, 26னு வந்தா அன்னிக்கே கடைக்கு ஓட வேண்டாம். 12-க்குக் கீழன்னா அது நிஜக் குறைவு, எலும்புக்கு பாதிப்பு வரலாம், டாக்டர் டோஸ் சொல்லி சரி பண்ணியே ஆகணும், கூட எலும்பு சம்பந்தமா கால்சியம், அல்கலைன் பாஸ்பேட்டேஸ், பாராதைராய்டு ஹார்மோன் டெஸ்டும் பாக்கச் சொல்லலாம்.

இதுல உயிருக்கே உலை வைக்கிற தப்பு ஒண்ணு: வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டிய பெரிய டோஸை தினமும் போடறது. அட்டைல மாத்திரை வரிசையா இருக்கும், நாம பழக்க தோஷத்துல தினம் ஒண்ணு பிச்சுப் போட்டுருவோம். டி-யில கூடினது சிறுநீர்ல போயிடாது, கொழுப்புல சேந்துக்கும். ரத்தத்துல கால்சியம் ஏறி வாந்தி, தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், கிட்னி பாதிப்பு வரைக்கும் போகும். ரத்தத்துல டி 150 என்ஜி பெர் எம்எல்லைத் தாண்டினா விஷம்னே எடுத்துக்கணும். வாங்கின அன்னிக்கே அட்டை மேல பேனாவால கிழமையை எழுதிடுங்க. இன்னொண்ணு, 1 மைக்ரோகிராம்னா 40 ஐயூ (இன்டர்நேஷனல் யூனிட்), ஒரு டப்பா மைக்ரோகிராம்லயும் இன்னொரு டப்பா ஐயூலயும் இருந்தா இதை வச்சு கணக்கு போட்டுக்கோங்க, மல்டி விட்டமின்ல இருக்கற டி-யையும் சேத்து.

9. பி12

200 பிஜி பெர் எம்எல்லுக்குக் கீழன்னா குறைவு. 200-ல இருந்து 300 வரைக்கும் சந்தேகம். சில லேப்ல 220 வந்தா சிவப்பு எழுத்தே வராது, நார்மல்னு மடிச்சு வச்சிடுவோம், ஆனா கால்ல ஊசி குத்தற மாதிரி, மரத்துப்போற மாதிரி, ஞாபக மறதி, நாக்கு எரிச்சல் இருந்தா அந்த 220-ஐ நம்பாதீங்க. அப்போ எம்எம்ஏனு சொல்ற மெத்தில்மலோனிக் ஆசிட், இல்ல ஹோமோசிஸ்டீன் பாக்கச் சொல்லி கேளுங்க. பி12 பத்தலைன்னா ரெண்டும் ஏறும். ஃபோலேட் (இன்னொரு பி விட்டமின்) குறைஞ்சாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும், கிட்னி மந்தமா இருந்தாலும் எம்எம்ஏ ஏறும், அதையும் மனசுல வச்சுக்கணும்.

பெரிய தப்பு எதுன்னா ஊசி போட்டுட்டு டெஸ்ட் எடுக்கறது. சோர்வா இருக்குனு யாராவது பி12 ஊசி போட்டுவிடுவாங்க, ஒரு வாரம் கழிச்சு டெஸ்ட், 1,500னு வரும், "உங்களுக்கு பி12 பிரச்சனையே இல்ல"னு முடிச்சிடுவாங்க. அந்த நம்பர் ஊசியோட நம்பர். முதல்ல ரத்தம், அப்புறம்தான் ஊசி. ஊசியும் போடாம மாத்திரையும் இல்லாம பி12 ரொம்ப அதிகமா வந்தா அதுவும் டாக்டர்கிட்ட காட்ட வேண்டியது, லிவர், கிட்னி, ரத்த சம்பந்தமான காரணம் இருக்கலாம்.

குறைவுனு உறுதியானா அடுத்த கேள்வி ஏன்னு. கறி, மீன், முட்டை, பால் எதுவும் எடுக்காதவங்களுக்கு வரும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா எல்லாம் சாப்பிடறவங்களுக்கும் வரும்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போடுறவங்க, அமிலம் குறையறதுக்கு ஒமிப்ரசோல் மாதிரி நாள்பட போடுறவங்க, வயித்துல சுரந்து, குடல்ல பி12-ஐ உறிஞ்ச உதவற இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லாதவங்க. காரணம் தெரியலன்னா ஆறு மாசம் மாத்திரை போட்டு நிறுத்தினதும் மறுபடி அதே இடத்துக்கு வந்து நிப்பீங்க.

கூடவே சிபிசில (ரத்த அணுக்களை எண்ணற டெஸ்ட்) எம்சிவி பாருங்க, அது சிவப்பணுவோட சராசரி அளவு. 100-ஐ தாண்டினா ரத்த செல் பெருசாயிருக்கு, பி12 இல்ல ஃபோலேட் குறைவா இருக்கலாம், தைராய்டு குறைவும் அதை லேசா ஏத்தலாம். ஆனா அயர்ன் குறைவும் சேந்து இருந்தா ஒண்ணு பெருசாக்கும், ஒண்ணு சின்னதாக்கும், ரெண்டும் சேந்து எம்சிவி அழகா நார்மல்ல உக்காந்திருக்கும்.

10. ஃபோலேட், ஃபெரிட்டின்: ரெண்டே வரி

ஃபோலேட் குறைவுனு மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பி12 பாத்துடுங்க, ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டா ரத்தசோகை சரியான மாதிரி தெரியும், நரம்பு பாதிப்பு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். ஃபெரிட்டின் விட்டமின் இல்ல, ஆனா சோர்வுக்கும் முடி கொட்டறதுக்கும் கேக்கறதால சொல்றேன்: 15 என்ஜி பெர் எம்எல்லுக்குக் கீழன்னா அயர்ன் சேமிப்பு காலி, பல டாக்டர்கள் 30-க்குக் கீழயே கவனிப்பாங்க, காய்ச்சல் வீக்கம் இருக்கும்போது எடுத்தா பொய்யா ஏறும்.

11. மறுபடி எப்போ எடுக்கறது

தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சாலோ டோஸ் மாத்தினாலோ 6-ல இருந்து 8 வாரம். டி4 பாதியா குறையறதுக்கே ஒரு வாரம் ஆகும், பிட்யூட்டரி சமாதானமாக இன்னும் நேரம் எடுக்கும், ரெண்டு வாரத்துல எடுத்தா பாதி வழில எடுத்த போட்டோ மாதிரிதான். மாத்திரை பிராண்ட் மாறினாலும் இதே கணக்கு. விட்டமின் டி-க்கு மூணு மாசம். அதுக்கு முன்னாடி எடுக்கறது காசுக்குக் கேடு.

மாத்திரை போட்டும் டிஎஸ்ஹெச் இறங்கலன்னா டோஸைக் கூட்டறதுக்கு முன்னாடி எப்படிப் போடறீங்கனு பாருங்க. வெறும் வயித்துல, தண்ணியோட, சாப்பாட்டுக்கும் காபிக்கும் அரை மணில இருந்து ஒரு மணி நேரம் முன்னாடி. கால்சியம், அயர்ன் மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. டி, அயர்ன், கால்சியம், தைராய்டு நாலையும் மறந்துடும்னு காலைல ஒரே வாய் தண்ணில முழுங்கற வீடு நிறைய இருக்கு, அதுல தைராய்டு மாத்திரைதான் பாவம்.

12. காத்திருக்காதீங்க

நெஞ்சு படபடப்போட மூச்சு வாங்கினா, தைராய்டு அதிகம்னு வந்து காய்ச்சலும் குழப்பமும் சேந்தா, கடுமையான குளிர், தூக்க மயக்கம், எழுப்பினாலும் சரியா முழிக்காம இருந்தா, நடை தடுமாறினா, ரிப்போர்ட்டைப் படிச்சுக்கிட்டு வீட்ல உக்காராதீங்க, அவசர சிகிச்சைக்குப் போங்க. கழுத்துல கட்டி தெரிஞ்சா டிஎஸ்ஹெச் நார்மலா இருந்தாலும் காட்டணும். கட்டிக்கும் நம்பருக்கும் சம்பந்தம் இருந்தே ஆகணும்னு இல்ல.

13. டாக்டர்கிட்ட போறப்போ கையில என்ன இருக்கணும்

ரிப்போர்ட்டோட முழு பிடிஎஃப், ஸ்கிரீன்ஷாட் வேணாம், அதுல யூனிட்டும் ரேஞ்சும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு ஷீட்ல ஏத்திக்கோங்க: தேதி, பிளட் எடுத்த நேரம், லேப், நம்பர், யூனிட், ரேஞ்ச், அப்போ போட்ட டோஸ். ஏழே கட்டம்தான், அரை மணி வேலை. ஆனா 1.8, 2.4, 3.1, 4.2னு ஏறிக்கிட்டே வர்றது அதுலதான் தெரியும், தனித்தனி பேப்பர்ல எல்லாமே "கிட்டத்தட்ட நார்மல்". கூட மாத்திரை லிஸ்ட், முடிஞ்சா அட்டையையே எடுத்துட்டுப் போங்க. வீட்ல யாருக்காவது தைராய்டு இருந்தா அதையும் எழுதிக்கோங்க.

உள்ள போனா அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும், கேள்வியை முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க. நான் இப்போ கேக்கறது மூணுதான்: இந்த நம்பருக்கு வேற ஏதாவது காரணம் இருக்க முடியுமா, மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை எடுத்துப் பாக்கலாமா, அடுத்த டெஸ்ட் எந்தத் தேதி. மூணாவதுக்கு பதிலை அங்கயே போன்ல அலாரமா போட்டுட்டு, அதுக்கு மூணு நாள் முன்னாடி இன்னொரு அலாரம், "முடி மாத்திரை ஸ்டாப்"னு.